துடிக்காத சத்தம்

பல்பு மினுக்குது. அதுல சந்தேகமே இல்ல. மூக்குக்கு முன்னாடி ஏறி எறங்கி, ஏறி எறங்கி, தூங்குற கொழந்தை வயிறு மாதிரி அது பாட்டுக்கு மினுக்கிட்டு இருக்கு. சத்தம்தான் துடிக்கல. கிட்டார்ல ஒரு கார்டு புடிச்சு கம்பிய இழுத்து விட்டா ஸ்பீக்கர்லருந்து நேரா வருது, இழைச்ச பலகை மாதிரி, மேடும் இல்ல பள்ளமும் இல்ல. நேத்து சாயங்காலம் துடிச்சுது. இதே பெடல், இதே பேட்டரி, இதே கிட்டார். நேத்து கேட்டது இன்னிக்குக் கேக்கல. கேக்கலன்னு சொல்லாத அமலா, துடிக்கலன்னு சொல்லு. ரெண்டும் ஒண்ணு இல்ல. துடிக்கலன்னா கோளாறு மேஜை மேல இருக்கு, ஈயத்தை உருக்கி வெச்சா சரியாப் போயிடும். கேக்கலன்னா கோளாறு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், அதுக்கு எந்தக் கடையில போய் மாத்து வாங்குறது? பல்பு மினுக்குதே, அதானே எழவு. அது செத்துக் கெடந்தா நான் இந்நேரம் சந்தோஷமா திட்டிக்கிட்டே கழட்டிட்டு இருப்பேன். அது மினுக்குது. நான் வேல செய்யறேன்டா, உன்னைப் பாத்துக்கோன்னு சொல்லுது. இடது காது போனது போதாதா மாதாவே, வலதுமா?

கொஞ்சம் இரு. பதறாத. முதல்லருந்து யோசி. இந்தப் பெடல் பண்ற ட்ரெமலோன்னா என்ன, பெரிய மாயமந்திரமா? சின்ன வயசுல ஃபேனுக்கு முன்னாடி மூஞ்சிய வெச்சு ஆன்னு கத்துனா குரல் நடுங்கி நடுங்கி வருமே, அதேதான். கிட்டார் சத்தம் உள்ள வரும், பெடல் அதைக் கொஞ்சம் பொத்தும், கொஞ்சம் தெறக்கும், வெளிய போறப்போ அது துடிச்சிக்கிட்டே போகும். அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயர்ல இதுக்குன்னே ஒரு திருகு இருக்கும். எங்க தேனருவி இன்னிசைக் குழுவுல அப்படி ஒரு மரப்பொட்டி இருந்துச்சு, தூக்க ரெண்டு ஆள் வேணும், வெள்ளத்துல ஊறிப் போய் உள்ள பூஞ்சை புடிச்சதும் குணாளன் அண்ணன் அதைக் குப்பை வண்டியில ஏத்தி விட்டுட்டாரு. குழு அவருது, பொட்டியும் அவருது, நான் என்ன சொல்ல முடியும், வாசல் வரைக்கும் கூடப் போய்ட்டு வந்தேன். இப்போ நாளைக்கு வில்லிவாக்கத்துல ஒரு ரிசப்ஷன். மாப்பிள்ளையோட அப்பா பழைய பாட்டுப் பைத்தியம். ஒரு பாட்டுல நடுவுல கிட்டார் தனியா நடுங்கிக்கிட்டே வரணும், நடுங்கலன்னா அது பாட்டே இல்ல. ரெடிமேட் பெடல் கெடைக்குது, இல்லாம இல்ல, ஆனா அதெல்லாம் கத்திரிக்கோலால வெட்டுன மாதிரி டக்கு டக்குன்னு துடிக்கும். பழைய துடிப்பு அப்படி இல்ல, வழுக்கிக்கிட்டே ஏறும், வழுக்கிக்கிட்டே எறங்கும். காரணம் உள்ள இருக்கற இழை பல்பு. எரியறதுக்கும் சோம்பேறித்தனம், அணையறதுக்கும் சோம்பேறித்தனம். அந்தச் சோம்பேறித்தனம்தான் பாட்டு. அதனால கிறிஸ்துமஸ் குடில்ல போடுற பழைய சீரியல் செட்லருந்து கடுகு பல்பு ஒண்ண வெட்டி எடுத்தேன். என் பொண்டாட்டி செலின் பாத்துட்டு, "குழந்தை ஏசுவுக்கே கரண்ட் கட்டா?"ன்னு கேட்டா. பல்புக்குப் பக்கத்துல, மூஞ்சிக்கு மூஞ்சி பாத்த மாதிரி, ஒரு எல்.டி.ஆர். சட்டைப் பொத்தான்ல பாதி இருக்கும். வெளிச்சம் பட்டா கரண்ட்டுக்கு வழி விடும், இருட்டுனா அடைச்சுக்கும், அவ்வளவுதான் அதுக்குத் தெரிஞ்ச வேல. ரிச்சி தெருவுல அதைக் கேட்டப்போ கடைக்காரன், "தெரு லைட்டு தானா எரியறதுக்கா சார்?"ன்னான். இல்லப்பா, பாட்டு தானா அழறதுக்குன்னு சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு, அப்புறம் எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்.

நேத்து ஹால் மூலையில தரையிலதான் உக்காந்து வெச்சுட்டு இருந்தேன், பொழுது எறங்குற நேரம், கடைசி ஒட்டு போட்டு ஊதி ஆற வெச்சு கிட்டார மாட்டி ஒரே ஒரு இழு. மோவ்வ் மோவ்வ் மோவ்வ்னு ஏறி எறங்கிச்சு பாரு. நெஜமா. அம்பது வயசு ஆளு, தரையில சம்மணம் போட்டு, கண்ணு கலங்கி. ஒரு நிமிஷம் கூட இருக்காது, அதுக்குள்ள செலின், "மாதா கோயிலுக்கு நேரமாச்சு, இன்னும் லைட்டக்கூடப் போடாம இருட்டுல என்ன கொசுவுக்குக் கச்சேரியா?"ன்னு சுவிட்ச தட்டுனா, நானும் எல்லாத்தையும் அணைச்சுட்டுக் கெளம்பிட்டேன். வந்து சாப்பிட்டுப் படுத்தாச்சு. காலையில எழுந்து மேஜைய ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, கண்ணாடிய மாட்டிக்கிட்டு, பழைய டிபன் பாக்ஸ்ல ஓட்டை போட்டு, ராவி, திருகு மாட்டி, மத்தியானம் வந்துடுச்சு, சரி பொட்டிக்குள்ள வெக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடலாம்னு மாட்டினா, பலகை. நடுவுல என்ன நடந்துச்சு? ஒண்ணும் நடக்கல. ஒரு ராத்திரி தூங்கி எழுந்தேன். அதுதான் நடந்துச்சு. அதுதான்டா எனக்குப் பயம். இடது காதும் அப்படித்தானே போச்சு.

தவக்காலத்துல ஒரு காலை. பல்லு வெளக்கறேன், இடது பக்கம் பஞ்சு வெச்சு அடைச்ச மாதிரி. தண்ணி போயிருக்கும்னு தலையச் சாய்ச்சு ஒத்தக் கால்ல குதிச்சேன். எண்ணெய் காய்ச்சி ஊத்தினேன். மூக்கப் புடிச்சுக்கிட்டு ஊதினேன். எதுக்கும் அசையல. ரெண்டு நாள்ல அடைப்புக்குள்ளருந்து ஒரு விசில் ஆரம்பிச்சுது, பக்கத்து வீட்டுக் குக்கர் ஒண்ணு அணைக்காம மறந்துட்டாங்க பாரு, அந்த மாதிரி, கொய்ங்ங்னு, இன்னிய வரைக்கும் யாரும் அணைக்கல. போன்ல தேடிப் பாத்தேன். உடனே டாக்டர்கிட்ட ஓடுன்னு போட்டிருந்துச்சு, நாள் தள்ளினா திரும்ப வராதுன்னு போட்டிருந்துச்சு. நான் போன கவுத்து வெச்சுட்டு பிராக்டிசுக்குப் போனேன். ஏன் போகல? போனா அவர் ஒரு பேரு சொல்லுவாரு. பேரு சொல்லாத வரைக்கும் அது தண்ணி, அழுக்கு, சளி. கிட்டார் வாசிக்கறவனுக்குக் காது போச்சுன்னு ஒரு வார்த்தை வெளிய வந்தா குணாளன் அண்ணன் நல்லவருதான், தோள்ல கை போடுவாரு, காப்பி வாங்கிக் குடுப்பாரு, அடுத்த வாரம் கிட்டார் பிட்டையெல்லாம் கீபோர்டுலயே வாசிக்கச் சொல்லிடுவாரு. மேடையில எனக்கு இடது பக்கத்துலதான் டிரம்ஸ். வருஷக் கணக்கா டிரம்ஸோட அந்தப் பித்தளைத் தாம்பாளம் என் காதுல மோதி மோதி. சரி, ஒரு காது போனா என்ன, ஒத்தக் கண்ணோட வண்டி ஓட்டறவன் இல்லையா, வலது நல்லாத்தானே இருக்குன்னு சமாதானம் சொல்லிக்கிட்டேன். அந்தப் போன்ல கீழ இன்னொரு வரி இருந்துச்சு. சிலருக்கு மத்த காதும். அந்த வரிய நான் படிக்காத மாதிரியே இவ்வளவு நாள் இருந்துட்டேன், கெட்டிக்காரன்தான் நானு.

இன்னொரு இழு. நேரா. கம்பி அதிர்றது வெரல்ல தெரியுது, ஸ்பீக்கர் அட்டை நடுங்கறது கூடத் தெரியுது. அப்போ கேக்குது. செவிடு இல்ல. காக்கா கத்துது, கேக்குது. கீழ தண்ணி லாரிக்காரன் ஆரன் அடிக்கிறான், கேக்குது, செவிட்டுப் பய மாதிரி அடிக்கிறான். குக்கர் விசில் அடிக்குது. கேக்குதா? இது எந்த விசில்? சமையல்கட்டு விசிலா, உள்ள இருக்கற விசிலா? நின்னுச்சு. அப்போ சமையல்கட்டு. இல்ல, கொய்ங்னு இன்னும் இருக்கு. அது இது. அட கருமமே, எதைக் கேக்கறேன்னே எனக்குத் தெரியலையே. சத்தம் கேக்கறது வேற, சத்தத்துல ஏத்த எறக்கம் கேக்கறது வேற. எல்லாம் ஒரே மட்டமா, தட்டையா, அப்படிப் போகுமாம் சிலருக்கு. போன கச்சேரி முடிஞ்சு வயர சுருட்டிட்டு இருக்கறப்போ குணாளன் அண்ணன், "அமலா, அந்த டூயட்ல சுருதிக்குக் கொஞ்சம் கீழ இருந்தியேப்பா, ட்யூன் பாக்கலையா?"ன்னாரு. நான் உடனே, "மானிட்டர் ஸ்பீக்கர்ல ஒண்ணுமே வரலண்ணே, அந்த மைக் செட்டுக்காரன வெச்சுக்கிட்டு"ன்னு பழியத் தூக்கி அந்தாளு மேல போட்டேன். அவரும் ஆமாம்பா ஆமாம்பான்னாரு. ரொம்ப வேகமா ஆமாம்னாரு. இப்போ நெனச்சா அந்த வேகம் சரியில்ல.

மீட்டர வெச்சுப் பாத்துட்டா முடிஞ்சுது. எல்.டி.ஆர் மேல ரெண்டு முனையையும் வெச்சா நம்பர் ஏறி எறங்கும், ஏறி எறங்கினா பெடல் நல்லாருக்கு, அசையாம நின்னா பெடல் கெட்டுப் போச்சு. காதே தேவையில்ல, கண்ணு போதும். ஆனா மீட்டர்ல பேட்டரி இல்ல. அதுல இருந்த பேட்டரியக் கழட்டித்தான் பெடல்ல போட்டிருக்கேன். கீழ எறங்குனா முக்குல கடை. செருப்ப மாட்டிக்கிட்டுப் போய் வாங்கிட்டு வரலாம். போலாம். இதோ போறேன். போகலையே? ஏன் இன்னும் நாற்காலியிலயே ஒட்டிக்கிட்டு இருக்க? நம்பர் ஏறி எறங்கிச்சுன்னா? அப்போ என்ன பண்ணுவ? இப்போ பாதி பாதி. பாதி பெடலு, பாதி நானு. மீட்டரு வந்தா முழுசா. அதுக்கு இந்தப் பாதியே தேவல. டிபன் பாக்ஸ்ல போட்டு மூடி நாலு திருகையும் முறுக்கி, நாளைக்கு மேடையில பாத்துக்கலாமா? சேச்சே, துடிக்காத பெடல மூடி வெப்பானா எவனாவது. மூடினதுக்கப்புறம் கோளாறு தெரிஞ்சா மறுபடி எல்லாத்தையும் கழட்டணும். சரியாகாம மூட மாட்டேன். மொதல்லயே ஒரு தடவ அப்படி மூடி அவஸ்தைப் பட்டிருக்கேன்.

செலின கூப்பிட்டா என்ன? ஏம்மா, இங்க வா, இது துடிக்குதா இல்லையான்னு சொல்லுன்னா சொல்லிடப் போறா. அவளுக்குப் பாம்புக் காது. எல்.கே.ஜி டீச்சரு, போர்டுல எழுதிக்கிட்டே பின் பெஞ்சுல எந்தப் பையன் பென்சில் டப்பாவைத் தெறக்கறான்னு சொல்லுவா. அவ காதுக்குத் துடிச்சு எனக்குத் துடிக்கலன்னா மூஞ்சிய எங்க வெச்சுக்கறது? அப்புறம் ஒண்ணு கேட்டுட்டு விடற ஆளா அவ. ஏன் கேக்கறீங்க, உங்களுக்குக் கேக்கலையா, எப்போலருந்து, இதை ஏன் சொல்லல. இவ்வளவு நாள் மறைச்சதெல்லாம் ஒரே இழுப்புல வெளிய வந்துடும். மறைக்கறது ஒண்ணும் லேசுப்பட்ட வேல இல்ல. இடது பக்கத்துல யாராச்சும் வாயசைச்சா மூஞ்சியப் பாப்பேன். சிரிச்சா சிரிப்பேன். மூஞ்சி சீரியசா இருந்தா தலைய ஆட்டி ம்னுவேன். ம்னா போதும், உலகத்துல பாதி பேச்சுக்கு ம்தான் பதிலு. இதோ, சமையல்கட்டுலருந்து என்னமோ கத்தறா. "...வெக்கட்டா?" எதை வெக்க? சோறு வெக்கட்டாவா, வெளிய வெக்கட்டாவா? "ம்!" "என்ன ம்? ரசத்தச் சுட வெக்கட்டான்னு கேட்டேன்." "வை, வை." பாத்தியா, தப்பிச்சாச்சு. வேர்க்குது.

அவளும் இப்போல்லாம் ஒரு மாதிரியாத்தான் இருக்கா. எல்லாத்துக்கும் எடத்த மாத்திக்கிட்டு. கட்டில்ல கல்யாணம் ஆன நாள்லருந்து அவ சுவத்தோரம், நான் இந்தப் பக்கம். திடீர்னு எனக்கு எழுந்திரிக்கறதுக்கு முட்டி வலிக்குது, நீங்க சுவத்துக்குப் போங்கன்னுட்டா. கோயில்ல என்னை பெஞ்சோட இடது கோடியில தள்ளிட்டு, ஃபேன் காத்து எனக்குத்தான் வேணும்னு இந்தப் பக்கம் உக்காந்துக்கறா. வண்டியில பின்னாடி ஒருக்களிச்சு உக்காந்தவ, பேசணும்னா உடம்ப முறுக்கி என் வலது தோள் மேல தாடைய வெச்சுத்தான் பேசறா, "ஏண்டி, விழுந்து வெக்கப் போற"ன்னா "நீங்க ரோட்டப் பாருங்க"ங்கறா. சாப்பாடு போடறப்போ கூட மேஜையைச் சுத்திக்கிட்டு வந்து நிக்கறா. நேரா நின்னு போட்டா என்னவாம்? வயசாக ஆக பொம்பளைங்களுக்கு இப்படி ஏதாவது ஒண்ணு புடிச்சுக்கும் போல. என் கவலை எனக்கு, இதுல இவ முட்டியும் காத்தும்.

ஒட்டெல்லாம் மறுபடி சூடு பண்ணினா? பண்ணிடலாம், கை சும்மா இருந்தா மண்டை கொல்லும். சால்டரிங் அயர்ன் காய்ஞ்சாச்சு. ஈயம் உருகற வாசனை, சின்ன வயசுலருந்து புடிச்ச வாசனை, இன்னிக்குப் புடிக்கல. இந்த ஒட்டு நல்லாருக்கு, பளபளன்னு இருக்கு. இதுவும். இதுவும். கெட்ட ஒட்டுன்னா மங்கலா சாம்பலா இருக்கும், ஒண்ணு கூட இல்லையே, ஒண்ணாவது இருக்கக் கூடாதா, இந்த ஜென்மத்துல இவ்வளவு சுத்தமா நான் வேல செஞ்சதே இல்ல, இன்னிக்குப் பாத்தா. எல்.டி.ஆர் கால கொஞ்சம் வளைச்சு பல்ப ஒட்டுற மாதிரி வெக்கறேன். வெய்யில் நல்லா விழுது, எல்லாம் துல்லியமாத் தெரியுது, அதோட மூஞ்சியில இருக்கற வளைஞ்சு வளைஞ்ச கோடு கூடத் தெரியுது. கருப்பு டேப்ப அதைச் சுத்தி ஒட்டணும்னு வெச்சிருந்தேன், பொட்டிக்குள்ள போனா தானா மூடிக்கப் போகுது, எதுக்குன்னு விட்டுட்டேன். சரி, இப்போ. கிட்டார். கேளு அமலா. நல்லாக் கேளு. இடது காத வெரலால பொத்து, அந்த விசில் தொந்தரவு பண்ணாம இருக்கட்டும். பொத்தினா விசில் இன்னும் ஜாஸ்தியாகுது சனியன். இழு. இருக்கா? ஏதோ இருக்கு. லேசா, ஓரத்துல, துடிக்கற மாதிரி. இல்ல. அது பல்பப் பாத்துக்கிட்டே கேட்டா வர்ற நெனப்பு. கண்ண மூடிக்கிட்டு கேளு. நேரா. பலகை. கண்ணத் தெறந்தா மினுக்குது. ஆ! சூடு. கை அயர்ன்ல பட்டுடுச்சு, நடு வெரல்ல, கார்டு புடிக்கற கையில, போச்சுடா, நாளைக்கு வாசிக்கற வெரலு. வாயில வெச்சு சப்பறேன். எரியுது. கண்ணுல தண்ணி வருது, அது வெரலுக்கா எதுக்கான்னு கேக்கறதுக்கு இங்க யாரு இருக்கா. எனக்கு இந்தச் சத்தம் வேணும் மாதாவே. வேற ஒண்ணும் நான் கேக்கல, பெரிய ஆளாகணும்னு கேக்கல, மேடை ஓரத்துல, லைட்டு கூட விழாத எடத்துல நின்னு, கூட வாசிக்கறவன் எங்க ஏறறான் எங்க எறங்கறான்னு கேட்டுக்கிட்டே அவனோட சேந்து போறது இருக்கே, அது ஒண்ணு போதும். அதுக்கு ஒத்தக் காது போதும். அதையும் எடுத்துடாத. இன்னொரு தடவ. இழுத்துட்டு அப்படியே விட்டுட்டு கண்ண மூடி.

இருட்டுது. மூடின கண்ணுக்குள்ளயே இருட்டு கூடுது. என்னது, மயக்கமா? கண்ணும் போகுதா, அடப் பாவி, எல்லாத்தையும் ஒரே நாள்லயா? அப்போதான் மோவ்வ். என்ன? மோவ்வ். மோவ்வ். ஏறுது, வழுக்கி எறங்குது, ஏறுது. கண்ணத் தெறந்தா ஜன்னல காணோம். ஜன்னல் இருந்த எடத்துல பூப்போட்ட ஈர பெட்ஷீட்டு, அதுக்கு முன்னாடி செலின், வாயில ரெண்டு க்ளிப்பக் கவ்விக்கிட்டு. எப்போ வந்தா? இடது பக்கமா வந்திருக்கா, எனக்கு எப்படித் தெரியும்?

"அசையாத," ன்னேன்.

அவ க்ளிப்ப வாயிலருந்து எடுத்தா. "என்னது? என்ன ஆச்சு, பாம்பா?"

"பெட்ஷீட்ட எடு."

"இப்போதானே போட்டேன்? மொட்டை மாடியில கொடி காலியில்ல, கீழ் வீட்டுக்காரங்க முழுசாப் போட்டிருக்காங்க."

"எடுன்னா எடேன்!"

எடுத்தா. வெய்யில் மேஜை மேல வந்து விழுந்துச்சு. கம்பிய இழுத்தேன். பலகை. "போடு" ன்னேன். போட்டா. மோவ்வ் மோவ்வ். "எடு." பலகை. "போடு." மோவ்வ். பாவம், அவளும் எல்.கே.ஜி பையனுக்குச் செய்யற மாதிரி எடுத்து எடுத்துப் போட்டா. "என்னங்க இது, பெட்ஷீட்டு போட்டா பாட்டு நடுங்குது?"ன்னு கேட்டா. அவளுக்கும் நடுங்குது! நான் சிரிச்ச சிரிப்புல கண்ணாடி கழண்டு மடியில விழுந்துச்சு. அட மடையா, அட மடச் சாம்பிராணி! வெளிச்சம் பட்டா வழி விடும், அவ்வளவுதான் அதுக்குத் தெரிஞ்ச வேல, அதைக் கொண்டு போய் வெய்யில்ல வெச்சுட்டு உக்காந்து ஒப்பாரி வெச்சிருக்கியே! சூரியனுக்கு முன்னாடி கடுகு பல்பு மினுக்கினா யாருக்குத் தெரியும்? அந்தக் கடைக்காரன் தெரு லைட்டுன்னு வாயத் தெறந்து சொன்னானே! நேத்து தரையில இருட்டுல துடிச்சுது, இன்னிக்கு ஜன்னலுக்கு நகத்தினது நானு, மாறினது மேஜை, காது இல்ல, காது இல்ல, காது இல்ல. கையக் குமிச்சு எல்.டி.ஆர் மேல பொத்தினேன். முழு இருட்டு. துடிப்பு அப்படியே ஆழமா எறங்குச்சு, சுட்ட வெரல் எரிச்சலோட சேந்து. வலது காது முழுக்க அதுதான். முழுசா. மேடும் பள்ளமும், ஒவ்வொரு சொட்டும். அழுதுடுவேன் போல இருந்துச்சு, அழவும் செஞ்சேன், சிரிச்சதுல வந்த தண்ணின்னு நெனச்சுக்கட்டும்.

இனிமே யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. அதுதான் அடுத்த நெனப்பு, எவ்வளவு வேகமா வந்துச்சு பாரு. வலது காது கல்லு மாதிரி இருக்கு. நாளைக்கு வாசிக்கறோம், குணாளன் அண்ணன் திரும்பிப் பாப்பாரு, தலைய ஆட்டுவாரு. மேடையில டிரம்ஸுக்கு அந்தப் பக்கம் போய், எல்லாரும் வலது காதுப் பக்கம் வர்ற மாதிரி நின்னுக்கலாம், முதுகு வலின்னு ஏதாவது சொல்லிக்கலாம். ஒண்ணும் நடக்காத மாதிரி இப்படியே ஓட்டிடலாம். நான் பொத்தின கையோட இன்னொரு கார்டுக்கு வழி பாத்துக்கிட்டு இருக்கேன், செலின் முதுகைக் காட்டிக்கிட்டு ஜன்னல் கம்பியில க்ளிப்பு மாட்டிக்கிட்டே என்னமோ சொன்னா. அடி குரல்ல. இடது பக்கம். கொய்ங்ங்தான் கேட்டுச்சு. திரும்பி என்னைப் பாத்தா, மூஞ்சி சாதாரணமா இருந்துச்சு, சீரியசும் இல்ல சிரிப்பும் இல்ல.

"ம்," ன்னு தலைய ஆட்டினேன்.

அவ கையில மிச்சம் இருந்த க்ளிப்ப ஜன்னல் கம்பியில மாட்டினா. அப்புறம் நாற்காலிக்குப் பின்னாடி சுத்தி, வலது பக்கம் வந்து, ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்தா. அந்தச் சுத்தி வர்றத நான் எத்தனையோ தடவ பாத்திருக்கேன். சாப்பாட்டு மேஜையைச் சுத்தி. கட்டிலச் சுத்தி. கோயில் பெஞ்சுல. வண்டியில என் தோள் மேல தாடைய வெச்சு. அப்போதான் உறைச்சுது. முட்டி வலியாம். ஃபேன் காத்தாம். ஐயோ செலின்.

"நான் என்ன சொன்னேன்?"

மடியில கெடந்த கண்ணாடிய எடுத்து மாட்டிக்கிட்டேன்.

"சாயங்காலம் காது டாக்டர்கிட்ட போலாமான்னு கேட்டேன். நீங்க ம்னீங்க." குரல ஒசத்தவே இல்ல அவ, எப்பவும் பேசற மாதிரிதான். "ம்னா ம்தான். இப்போ மாத்திப் பேசக் கூடாது."

"எப்போலருந்துடி தெரியும்?"

"எங்க கிளாஸ்ல காது கேக்காத பசங்கதான் எல்லாரையும் முந்திக்கிட்டு தலைய ஆட்டுவாங்க." என் வெரலப் புடிச்சுப் பாத்தா, சுட்ட எடத்துல லேசா ஊதினா. "நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன். தவக்காலம் போச்சு, ஈஸ்டர் போச்சு, சொல்லல. எனக்கு மட்டும் பயம் இல்லன்னு நெனச்சீங்களா?"

எல்.டி.ஆர் மேலருந்து கைய எடுத்துட்டேன். கிட்டார் சத்தம் எப்பவோ அடங்கிப் போச்சு, பல்பு மட்டும் மினுக்கிட்டு இருக்கு. எனக்குப் பயமா இருக்கு செலின்னு சொன்னேன். அதை வெளிய சொல்றது அதுதான் முதல் தடவ, எனக்கே வேற யாரோ சொல்ற மாதிரி கேட்டுச்சு. தெரியும்னா. பேட்டரியக் கழட்டி வெச்சா, கருப்பு டேப்ப எடுத்து என் கையில குடுத்தா, இதை ஒட்டிட்டு எழுந்திரிங்க, டாக்டரு சாயங்காலம் சீக்கிரம் வந்துடுவாருன்னா. ஒட்டினேன், நாலு சுத்து, வெளிச்சம் ஒரு பொட்டு உள்ள போகாம. டிபன் பாக்ஸ்ல போட்டு மூடினேன். அதுக்குள்ள அவ எழுந்து போய் அலமாரியத் தெறந்துட்டா.

"எந்தச் சட்டை?"ன்னு கேட்டேன்.

அலமாரிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு அவ என்னமோ சொன்னா.

"கேக்கல," ன்னேன். "இந்தப் பக்கம் வந்து சொல்லு."

வந்து சொன்னா.